இரண்டுவிட்ட சொந்தங்களைச் சந்தித்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கோப்பாய் மகள்:
அண்மையில் என் அம்மம்மாவின் தங்கச்சி காலமானார். செத்த வீட்டில் நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டபோது எங்களையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஜேர்மனியில் வளர்ந்த ஒரு பிள்ளை நின்றாள். "நீங்கள் எனக்கு என்ன முறை?" என்று மெதுவாகக் கேட்டாள். உன் அம்மம்மாவும் என் அம்மம்மாவும் கூடப்பிறந்தவர்கள், அப்படியானால் உன் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள், நீயும் நானும் இரண்டுவிட்ட சகோதரிகள், எங்கள் பூட்டனும் பூட்டியும் ஒரே ஆட்கள் என்று சொன்னேன். "அப்ப அக்கா எண்டு கூப்பிடலாமோ?" என்றாள். "கூப்பிடலாமோ எண்டு என்ன கேள்வி, அக்காதான்" என்றேன். அந்த வீட்டில் சொந்தப் பேரன், விட்ட பேரன் என்று ஒருவரும் பந்தத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தது. வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் செத்த வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றில்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கு இப்படித் தூரத்துச் சொந்தம் எங்கே, எப்படி எதிர்ப்பட்டது?

மிருசுவிலான்:
1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழும்பி எங்கள் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்து வந்தபோது நான் சின்னப் பையன். அடுத்த நாள் விடியப் படலையில் ஒரு குடும்பம். மழையில் நனைந்த மூட்டைகள், ஒரு சைக்கிள், அதன் பின்னால் ஒரு கிழவி. அப்பப்பா கேட்டது ஒன்றுதான்: "நீர் ஆற்ற பிள்ளை?" வந்தவர் தன் தகப்பன் பெயரைச் சொன்னார். அப்பப்பாவுக்குப் பிடிபடவில்லை. தகப்பனின் தகப்பன் பெயரைச் சொன்னார். அப்போதும் இல்லை. சைக்கிளில் இருந்த கிழவிதான் தன் தாயின் பெயரையும் அவர் மானிப்பாயில் கலியாணம் முடித்துப் போன கதையையும் சொன்னார். அந்தத் தாய் அப்பப்பாவின் தகப்பனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. அதுவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

1996 சித்திரையில் சனம் திரும்பிப் போகும்வரை அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். கிழவியை அப்பப்பா "மச்சாள்" என்றே கூப்பிட்டார். கிழவியின் மகன் அப்பாவுக்குத் தம்பி முறை, எனக்குச் சித்தப்பா. அவருடைய பிள்ளைகள் எனக்குச் சகோதரங்கள். ஒரே பாயில் படுத்தோம். இன்றைக்கும் அந்த வீட்டில் கலியாணம் என்றால் எங்களுக்குத்தான் முதல் அழைப்பு வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஒரு சொந்தமும் இல்லாத சனத்துக்கும் எங்கள் ஊர் வீடுகள் திறந்தன. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. சொந்தம் என்று தெரிந்ததால் எங்கள் வீட்டில் மாறியது, ஆளை ஆள் எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் முதல் நாளே போனதுதான்.

நெல்லியடி வாசகி:
எங்கள் வீட்டில் பேப்பர் வந்தால் அம்மா முதலில் படிப்பது மரண அறிவித்தல். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மைத்துனரும், பெறாமகனும் என்று நீளும் அந்த வரிகளிலிருந்து அம்மா ஒரு பரம்பரையையே கோத்துவிடுவார். லண்டனில் எங்கள் பக்கத்து வீதியில் இருந்தவர் அம்மாவுக்கு இரண்டுவிட்ட தம்பி என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அறிவித்தலை வெட்டி எடுத்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினார்.

கரவெட்டிப் பெரியம்மா:
முறை தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டார் என்று கேளுங்கள். அண்ணா, தம்பி என்றால் உங்களுக்கு மாமா. அவருடைய பிள்ளைகள் மச்சான், மச்சாள். அம்மா அவரை மச்சான் என்று கூப்பிட்டிருந்தால் உங்களுக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ. பிள்ளைகள் சகோதரங்கள். அப்பா பக்கமும் இதே கணக்குத்தான். அப்பாவுக்கு அக்கா, தங்கச்சி என்றால் மாமி, மச்சாள் என்றால் சின்னம்மா அல்லது பெரியம்மா. எத்தனை விட்ட சொந்தமானாலும் இந்தக் கணக்குப் பிழைக்காது.

பிழைப்பது ஒரே இடத்தில். எங்கள் பக்கத்தில் சுற்றிச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கலியாணம் செய்திருக்கிறோம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுச் சம்பந்தமும் உண்டு. அதனால் ஒரே ஆள் இரண்டு வழியால் சொந்தமாவார். என் தங்கச்சியின் மகளுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. பிள்ளைகளுக்கும் பிடித்தது. பிறகுதான் ஒரு மாமி வந்து, பெண்ணின் அப்பப்பாவும் பெடியனின் அம்மம்மாவும் கூடப்பிறந்தவர்கள், அந்த வழியால் பார்த்தால் இவர்கள் அண்ணன் தங்கச்சி என்றார். வீடு அப்படியே அடங்கிப்போனது. நான் மற்ற வழியைச் சொன்னேன். பெண்ணின் அம்மம்மாவும் பெடியனின் அப்பம்மாவும் அக்கா தங்கச்சி. அந்த வழியால் மச்சான் முறை. இரண்டும் ஒரே தூரம், இரண்டும் உண்மை. அன்று முழுக்கக் கதைத்தோம். கடைசியில் ஒரு வயதானவர் கேட்டார்: "இவ்வளவு காலமும் இவள் அந்தப் பெடியன்ர தகப்பனை என்னெண்டு கூப்பிட்டவள்?" "மாமா" என்றாள் பிள்ளை. "அப்ப கூப்பிட்ட முறைதான் முறை" என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். கலியாணம் நடந்தது. அந்தத் தீர்ப்புச் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்த உறவைத்தானே அவர் பார்த்தார்.

சண்டிலிப்பாய்:
எனக்குச் சொந்தத்தைக் காட்டித் தந்தது காணி உறுதி. பூட்டன் காலத்துக் காணி, பிரிக்காத பங்குகள், நடுவில் ஒரு பங்குக் கிணறு. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் எழுத்தில் வந்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம் எங்கள் காணிகளுக்கு இன்றும் பொருந்தும். ஒரு பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். நொத்தாரிசு பழைய உறுதிகளைப் பிரித்து வாசிக்க வாசிக்க, நான் கேள்விப்படாத பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் அதே பூட்டனின் வழி. தேடிப் பிடித்துப் பேசினேன். ஒருவர் தனக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பினார். இன்னொருவர் நேரேயே வந்துவிட்டார். கிணற்றடியில் நின்று, தன் அப்பம்மா சொன்ன கிணறு இதுதானா என்று கேட்டார். என்னைவிட மூத்தவர், மச்சான் முறை, ஆனால் அத்தான் என்றே கூப்பிடுகிறேன். தன் பங்கை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானும் விற்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு கிளையைக் காணவில்லை. பூட்டனின் மூத்த மகள், கைதடிப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர். அவருடைய பிள்ளைகள் கொழும்புக்குப் போனதாகவும், பேரப்பிள்ளைகள் நோர்வேயில் இருப்பதாகவும் கேள்வி. கைதடியில் பழைய ஆட்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அவர்களுக்கும் இந்தக் கிணற்றில் பங்கு இருக்கிறது.