குருமனையில் முதல் வருடம்: தெரிந்தவர்கள் செய்முறையாகச் சொல்லுங்கள்

சாவிக்கொத்து:
போதகரின் மனைவியான போதகரம்மாவுக்கு நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது. ஆனால் வாசல் மணி அடித்தால் போய்த் திறப்பது அவர்தான். போதகருக்குச் சபை தரும் வீடான குருமனைக்குள் புதிதாக வருகிறவர்களுக்குப் புத்திமதி வேண்டாம், செய்முறையாக எழுதுங்கள். நான் காணிக்கையில் தொடங்குகிறேன், பெயர் சீக்கிரம் கெடுகிற இடம் அதுதான்.

வார நாளில் யாராவது வந்து "ஐயாகிட்ட குடுத்துடுங்கம்மா" என்று பணத்தை நீட்டுவார்கள். அதைக் கைப்பையிலோ சமையலறை டப்பாவிலோ போடவே கூடாது. வாசல் பக்கத்திலேயே ஒரு கட்டு உறையும் பேனாவும் இருக்கட்டும். கொடுத்தவர் எதிரிலேயே எண்ணி, உறைமேல் தேதி, பெயர், தொகை, எதற்காக என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தின் குறுக்கே அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும். "எதற்காக" என்ற வரி விட்டுப்போனால்தான் வம்பு. தசமபாகமா (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), கட்டட நிதியா, போதகர் குடும்பத்துக்குத் தனிப்பட்ட அன்பளிப்பா என்பது கொடுத்தவருக்கு மட்டும் தெரியும். ஆறு மாதம் கழித்து ஆண்டறிக்கையில் தன் பணத்தை அவர் தேடும்போது ஞாபகத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

மெழுகுத்திரி:
அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்தின் ஆயத்தம் எந்தச் சபையிலும் கடைசியில் குருமனைக்கே வந்து சேரும். அளவைச் சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிற தனிக் கிண்ணம் ஏறக்குறைய 10 மில்லி பிடிக்கும். அதில் 7 மில்லி ரசம் ஊற்றினால் போதும். விளிம்புவரை ஊற்றினால் தட்டு கைமாறும்போது சிந்தும். 40 குழித் தட்டுக்கு 280 மில்லி ஆகும். ஆக 750 மில்லி பாட்டில் ஒன்றில் இரண்டு தட்டு நிறைந்து, மூன்றாவதில் 27 கிண்ணம் வரும். போன மாதம் வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒரு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். முந்தின இரவே ஊற்றி வைத்தால் எறும்பும் தூசியும் விழும், காலையில்தான் ஊற்ற வேண்டும். தட்டுகளை அடுக்குமுன் ஒவ்வொன்றின் அடியையும் துடையுங்கள். மேல்தட்டின் அடியில் ஒட்டிய திராட்சை ரசம் கீழ்த்தட்டில் சொட்டி, அங்கிருந்து வெள்ளை விரிப்புக்கு இறங்கிவிடும்.

விரிப்பில் கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அவசரப்பட்டுக் கட்டிச் சோப்பைத் தேய்க்காதீர்கள். சோப்பில் காரம் இருக்கிறது. திராட்சையின் சிவப்புச் சாயம் காரம் பட்டால் நீலமாகும். கறை முழுக்கப் போகுமுன் இஸ்திரி போட்டால் அது நிரந்தரமாகிவிடும்.

குடியை விட்டு மீண்டு வருகிறவர் ஒருவராவது சபையில் இருப்பார் என்று வைத்துக்கொண்டு, புளிக்காத திராட்சைச் சாறும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவின் வைன்லேண்ட் ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869இல் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்ததே திருவிருந்துக்காகத்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு அப்பம் மட்டும் போதாது, தட்டும் வேறாக இருக்க வேண்டும். துகள் பட்டாலே அவர்களுக்கு ஆகாது.

பழைய நோட்டு:
மெழுகுத்திரி அக்கா சொன்னதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. நம்மிடம் வந்து சொல்கிற ரகசியங்களைப் பற்றி எழுதுகிறேன்.

பெண்கள் ஐயாவிடம் சொல்லாததைப் போதகரம்மாவிடம் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில்தான் வெளியே கசிகிறது. "ஒரு சகோதரி வீட்டில் சமாதானம் இல்லை" என்று பெண்கள் கூட்டத்தில் சொன்னாலே போதும், யார் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைக் கூட்டத்தில் ஜெபிக்கச் சொல்லலாமா, நான் மட்டும் ஜெபிக்கவா, ஐயாவுக்குத் தெரியலாமா?" மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். கணவருக்குச் சொல்வது யாருக்கும் சொல்லாததற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதே பொருளைத் தொட்டுவிட்டால் அந்தப் பெண் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

சந்திப்பு நோட்டில் தேதி, வீடு, என்ன செய்வதாகச் சொன்னோம், மறுபடி எப்போது போக வேண்டும் ஆகிய நான்கு மட்டும் எழுதுங்கள். கேட்ட கதை எழுத்தில் வரவே கூடாது. நோட்டு யார் கையிலும் சிக்கும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க" என்றால் பண்ணாதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலோ, உயிரை விட நினைக்கிறார் என்றாலோ சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பேச்சு தொடங்குமுன்பே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வியாழன்:
வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஞாயிறு குருமனைக்கு வேலை நாள். வாரத்தில் வேறொரு நாளை ஓய்வுக்கு எடுத்து, அதைச் சபை அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். அறிவிக்காத ஓய்வு நாள் இரண்டு வாரம் தாங்காது. மரணம், ஆஸ்பத்திரி தவிர மற்றதெல்லாம் மறுநாளுக்குக் காத்திருக்கலாம்.

என் புனைபெயருக்குக் காரணம் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தின் எப்வொர்த்தில் குருவானவர் சாமுவேலின் மனைவி. 19 பிள்ளைகள் பெற்று, ஏறத்தாழப் பாதிப்பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். கடன், கணவர் சிறை, 1709இல் குருமனையே எரிந்தது என்று எல்லாம் பார்த்தவர். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு மாலை ஒதுக்கியிருந்தார், பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு வியாழன். கணவர் லண்டனில் இருந்த காலத்தில், பிள்ளைகளுக்காக ஞாயிறு மாலை வீட்டில் நடத்திய ஜெபம் சுமார் 200 பேர் கூடும் கூட்டமானது. அப்போதும் அந்தத் தனி மாலைகளை அவர் ஊழியத்தின் பாகமாகவே பார்த்தார். பிள்ளையைப் பிரசங்க உதாரணமாக்குமுன் அதன் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து:
வியாழன், நல்ல நினைவூட்டல். யாரும் பேசத் தயங்குகிற ஒன்று மிச்சம் இருக்கிறது. குருமனை சபைக்குச் சொந்தம். ஐயா இறந்தால் துக்கத்தோடு வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1542இல் சட்ட வல்லுநர் துணையில்லாமல் தாமே உயில் எழுதி எல்லாவற்றையும் மனைவி கேத்தரினா பெயருக்கு வைத்தார். 1546இல் அவர் இறந்ததும், சாக்சனிச் சட்டப்படி அது செல்லாது என்று ஆட்சேபம் வந்தது. இளவரசரே தலையிட வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு வேறு காப்பாளர்களும் வந்தார்கள். விடுதி நடத்தி, பீர் காய்ச்சி, பண்ணை பார்த்து அந்த வீட்டைத் தாங்கியவர் கேத்தரினாதான்.

ஆகவே முதல் வருடத்திலேயே ஒரு கோப்பு திறந்துவிடுங்கள். ஐயாவின் ஓய்வூதியத்துக்கு வாரிசாக உங்கள் பெயர் இருக்கிறதா, காப்பீட்டில் யார் பெயர், குருமனையை விட எத்தனை மாத அவகாசம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிலை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குருமனையில் உங்கள் சொந்தப் பொருட்கள் எவை, சபையுடையவை எவை என்று பட்டியல் போட்டு, செயலாளர் கையெழுத்து வாங்கி அதே கோப்பில் வையுங்கள். பீரோவும் ஆர்மோனியமும் யாருடையது என்ற தகராறு எப்போதும் சாமான் ஏற்றுகிற அன்றைக்குத்தான் வரும்.