ஜோசஃபின் பேக்கர் பத்தி மூணு நிமிஷப் பேச்சு: எதைச் சொல்லலாம்?

கோத்தகிரி டீச்சர்:
எட்டாவது படிக்கிற பொண்ணு, அம்மா தேயிலை பறிக்கிறவங்க. பேச்சுப் போட்டிக்கு ஜோசஃபின் பேக்கரைத் தேர்ந்தெடுத்திருக்கா. "ஆட்டக்காரியைப் பத்தியா?"ன்னு ஸ்டாஃப் ரூம்ல முகம் சுளிக்கிறாங்க. எனக்கு ஆத்திரமா வருது. 1906ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல கறுப்பினக் குடும்பத்துல பொறந்து, சின்ன வயசுலயே வீட்டு வேலைக்குப் போய், 19 வயசுல தன் ஆட்டத்தால பாரிஸையே கலக்கினவங்க! மூணு நிமிஷத்துல எதை வைக்கட்டும்?

குன்னூர்க்காரன்:
டீச்சர், அவங்க ஆடுறப்போ கட்டின பேர்போன வாழைப்பழப் பாவாடையோட நிறுத்திடாதீங்க. இரண்டாம் உலகப் போர்ல பிரான்ஸுக்காக உளவு பார்த்தாங்க. இசைக்குறிப்புத் தாள்ல கண்ணுக்குத் தெரியாத மையில எழுதின தகவலை, கச்சேரிக்குப் போற சாக்குல எல்லை தாண்டிக் கொண்டுபோனாங்க. அவ்வளவு பெரிய ஸ்டாரோட பெட்டியை யார் கிளறுவா? பொண்ணு எலுமிச்சைச் சாறுல ஒரு வரி எழுதிக் காயவைக்கட்டும். மேடையில நீங்க அயர்ன் பாக்ஸ் சூட்டைக் காட்டினா எழுத்து பழுப்பா எழும்பும்.

ஊட்டி அக்கா:
கறுப்பின மக்களோட உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியை விட்டுடாதம்மா. மார்ட்டின் லூதர் கிங் பேசின அதே மேடையில, பதக்கம் குத்தின பிரெஞ்சு யூனிஃபார்மோட பேசினாங்க. கறுப்பின மக்களை ஒதுக்குற அரங்குல ஆடமாட்டேன்னு முன்னாடியே மறுத்தவங்க. தத்தெடுத்த 12 பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்.

கோத்தகிரி டீச்சர்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி தம்பி. எலுமிச்சையில தொடங்கி வாஷிங்டன்ல முடிக்கிறோம். 2021ல பாந்தியோன்ல, அதாவது பிரான்ஸ் தன்னோட பெரிய மனுஷங்களுக்கு மரியாதை செய்யுற பாரிஸ் நினைவிடத்துல, இடம் கிடைச்ச முதல் கறுப்பினப் பெண் இவங்கதான்னு ஸ்டாஃப் ரூம்ல நானே சொல்லிக்கிறேன்.