ஈறுக்குக் கீழே காரை எப்படிப் படியுது? போர் தண்ணிதான் காரணமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கண்ணாடியில பார்த்தா பல் வெள்ளையாத்தான் இருக்குங்க. எக்ஸ்ரேயில கடைவாய்ப் பல் இடுக்குல, வேர்ப் பக்கம் முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. காரைன்னாங்க, அதாவது பல்லுல கல்லு மாதிரி இறுகிப்போன படிவு. பாலக்காட்டுச் சித்தூர் கிழக்கே போர் தண்ணி உப்பு, அதனாலதான்னு ஊரே சொல்லுது. எச்சிலே போகாத இடத்துல எப்படிங்க படியும்?

ஈறும்_வேரும்:
தண்ணி மேல பழி போடாதீங்க, அது வாயில நிக்கிறது சில விநாடிதான். ஈறுக்கு மேல உள்ள காரைக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சில்ல இருந்து வருது. அதனாலதான் எச்சில் குழாய் திறக்குற இடங்கள்ல, அதாவது கீழ் முன்பல்லுக்கு நாக்குப் பக்கமும் மேல் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னப் பக்கமும், அதிகமாப் படியும்.

கீழே கணக்கே வேற. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. நல்ல ஈறுல 1 முதல் 3 மி.மீ. ஆழம். பாக்டீரியாப் படலம் அங்க தங்கிட்டா ஈறு வீங்கி, ரத்தக்குழாயில இருந்து நீர் கசியும். தாது உப்பு அந்தக் கசிவுலதான் இருக்கு. செத்த பாக்டீரியா மேல அது ஒட்ட ஆரம்பிச்சு, 1 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள படலம் இறுகத் தொடங்கிடும். ரத்த நிறமி கலக்குறதால மேல்காரை மாதிரி மஞ்சளா இருக்காது. கரும்பழுப்பு, சில சமயம் கரும்பச்சை. வேரோட மேற்பரப்புல உள்ள நுண்குழிக்குள்ள பூட்டு போட்ட மாதிரி புகுந்துக்கும், அதான் லேசுல பேராது.

காரை ஈறைக் குத்திக் கிழிக்குதுன்னு சொல்றது பாதிதான் சரி. அதோட சொரசொரப்புல புதுப் படலம் ஒண்டிக்கிட்டே இருக்கு பாருங்க, கேடு அதுலதான்.

வேலந்தாவளம்_பல்:
போர் தண்ணில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டினா பிரச்சினைதான், ஆனா அது வேற பிரச்சினை. பல் உருவாகுற வயசுல எனாமலுக்குள்ளேயே விழுற கறை, ஸ்கேலிங்ல, அதாவது காரையைச் சுரண்டி எடுக்குறதுல, போகாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
உமிக்கரியும் உப்பும் வெச்சு அழுத்தித் தேய்ச்சா?

ஈறும்_வேரும்:
வேண்டாங்க. எனாமல் தேயும், ஈறு இறங்கும், காரை அப்படியே இருக்கும். பிரஷ் நார் ஈறுக்குக் கீழ சுமார் 1 மி.மீ.தான் எட்டும்.

ஒவ்வொரு பல்லையும் சுத்தி ஆறு இடத்துல புரோப் (அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி) விட்டுப் பள்ளத்தோட ஆழத்தை அளக்கச் சொல்லுங்க. எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதீங்க: கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் உள்ள காரையைப் பல்லே மறைச்சிடும். பள்ளம் 4 மி.மீ.க்கு மேல போனா மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் அதிர்வுக் கருவியில காரையை உடைச்சு, கியூரெட்டால (வளைஞ்ச முனையுள்ள சுரண்டி) வேரை வழிக்கணும். வழவழப்பாச்சான்னு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வீக்கம் வத்தினதும் பல் இடுக்கு அகலமாத் தெரியும். "ஸ்கேலிங் பண்ணிப் பல்லு ஆடுது"ன்னு வர்ற புகார் பாதி இதுதான். அகலமான இடுக்குக்கு இடைப்பல் பிரஷ், தினம் ஒரு தடவை. 4 முதல் 6 வாரம் கழிச்சு மறுபடி அளக்கணும்.

பீடி, சிகரெட் உண்டுன்னா, ஈறுல ரத்தம் வரலை, அதனால ஈறு நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க. புகை ரத்தக் கசிவை அடக்கிடும், பள்ளம் உள்ளே ஆழமாகிட்டே போகும்.