ஹலோ திரை வந்துவிட்டால் போன் சுத்தமா?

மெயின்போர்டு:
செகண்ட் ஹேண்ட் ஐபோன் வாங்குபவர்களுக்கு யோசனை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ‘ஆன் செய்ததும் ஹலோ என்று வந்தால் போன் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுக்கலாம்’ என்று அதில் ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கூட்டமே நன்றி சொல்லியிருக்கிறது. ஐயா, சென்னை ரிச்சி தெருவில் போன் ரிப்பேருக்காக மைக்ராஸ்கோப்பும் சால்டரிங் அயனுமாக உட்கார்ந்திருப்பவன் நான். ஹலோவைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும். ஹலோ வெறும் வாசல். மொழி, நாடு, வைஃபை எல்லாம் கொடுத்த பிறகுதான் அந்தப் போன் ‘நான் யாருடையது’ என்று ஆப்பிள் சர்வரிடம் போய்க் கேட்கும். பழைய ஆள் தன் ஆப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்கவில்லை என்றால் அங்கேதான் உரிமையாளர் பூட்டு வந்து நிற்கும், கீழே புள்ளி புள்ளியாக யாரோ ஒருவரின் மின்னஞ்சல். 2013இல் ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 7 வந்த நாளிலிருந்து இதுதான் கதை.

அண்ணாநகர்_ஆப்பிள்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சார் 2013லேயே நின்றுவிட்டார் போல. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபிறகு, பூட்டிய போனை அழித்தாலும் ஹலோ திரையிலேயே ‘இது இன்னொருவருடையது’ என்று எழுதிக் காட்டும். எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் ஹலோ வந்தால் சுத்தம். நான் எழுதியது சரிதான்.

மெயின்போர்டு:
கணினியில் செருகி, மென்பொருளைப் புதிதாக ஏற்றி ரீஸ்டோர் போட்ட போனை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? அதுவும் ஹலோ சொல்லும். வைஃபை கொடுத்தபிறகு வாயைத் திறக்கும். பூட்டு சர்வரில் இருக்கிறது, திரையில் இல்லை.

அண்ணாநகர்_ஆப்பிள்:
பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். திருட்டுப் போனை ரீஸ்டோர் போட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கோவை_குசும்பன்:
ஹலோ... ஹலோ... யாருங்க பேசறது?

புதுசு_வாங்கி:
எனக்கு ஆண்ட்ராய்டு போதும், 10 ஆயிரத்துக்குள் ஒரு பழைய போன் பார்க்கிறேன். அதில் இந்தத் தொல்லை இல்லைதானே?

மெயின்போர்டு:
யார் சொன்னது? ஆண்ட்ராய்டு 5.1இல், 2015லேயே வந்துவிட்டது எஃப்ஆர்பி, அழித்த போனிலும் பழைய கணக்கைக் கேட்கும் கூகுள் பூட்டு. விற்பவர் செட்டிங்ஸுக்குள் போய், தன் பின் நம்பரைப் போட்டு ரீசெட் செய்தால் கூகுள் கணக்கும் சேர்ந்து போய்விடும். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் அமுக்கிப் பிடித்து ரெக்கவரி வழியாக அழித்தால் போகாது. பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அதனால் ‘ரீசெட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்’ என்று கொண்டுவருபவனிடம் வாங்காதீர்கள். உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஐபோனாக இருந்தால் கண் முன்னால் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, உங்கள் வைஃபையில் போட்டு, ஹோம் திரை வரைக்கும் போய்ப் பார்த்தபிறகு பணம். ஹலோ போதாது. இங்கே ஒருவருக்கு இது எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

அண்ணாநகர்_ஆப்பிள்:
எழுத்து இல்லாத ஹலோ. எழுத்து இல்லாத. முழு வரியையும் படியுங்கள்.

பாரா_317:
நீங்கள் இருவரும் திரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பூட்டே இல்லாத போனும் திருட்டுப் போனாக இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவுக்குப் பதிலாகப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் 3 ஆண்டு வரை உள்ளே போகலாம். பாதி விலைக்கு, பில் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒருவன் விற்கிறான் என்றால் நம்பக் காரணம் வேறென்ன வேண்டும்?

கோவை_குசும்பன்:
வக்கீல் வந்தாச்சு. ஃபீஸ் எவ்வளவுங்க?

பாரா_317:
உங்களுக்கு இலவசம். போன மாதம் ஹெல்மெட் விவாதத்தில் நீங்கள் என்னைப் பேசிய பேச்சுக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

மெயின்போர்டு:
சட்டம் பேசுகிறவர் தொலைந்த போனை முடக்கும் அரசின் சிஇஐஆர் பற்றியும் சொல்லியிருக்கலாம். 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தோடு நாடு முழுவதும் வந்தது. போனைப் பறிகொடுத்தவர் போலீஸ் புகாரோடு அதில் பதிந்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ முடங்கிவிடும். அப்புறம் எந்த சிம்மைப் போட்டாலும் சிக்னல் வராது, வைஃபையில் படம் பார்க்கலாம், அவ்வளவுதான். வாங்கும் முன் *#06# போட்டு எண்ணை எடுங்கள். KYM என்று எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடம் விட்டு, 15 இலக்க ஐஎம்இஐயைப் போட்டு 14422க்கு அனுப்பினால் முடக்கப்பட்டதா என்று பதில் வரும். திரையில் காட்டும் எண்ணும் சிம் தட்டில் அல்லது பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். இதையெல்லாம் ஹலோ சொல்லுமா?

அண்ணாநகர்_ஆப்பிள்:
நான் ஐஎம்இஐ பற்றிப் பேசவே இல்லை. பூட்டைப் பற்றிப் பேசினேன். பேச்சை மாற்றுகிறீர்கள்.

மெயின்போர்டு:
‘போன் சுத்தம்’ என்று எழுதியது யார்?

அண்ணாநகர்_ஆப்பிள்:
பூட்டு விஷயத்தில் சுத்தம் என்று அர்த்தம். படிப்பவருக்குப் புரியும்.

பொன்மலைப்பட்டி:
என் தம்பி ஒரு கடையில் வாங்கினான். ஹலோ தாண்டி, ஹோம் திரை தாண்டி, மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில் ‘தவணை பாக்கி’ என்று திரை முழுக்க வந்து பூட்டிக்கொண்டது. விற்றவன் இஎம்ஐயில் எடுத்துக் கட்டாமல் விட்டிருக்கிறான். இதற்கு உங்கள் இருவரிடமும் என்ன மருந்து?

மெயின்போர்டு:
அது கடன் கொடுத்தவன் போட்ட பூட்டு, வேறு கதை. பில்லில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, தவணை முடிந்த சான்றைக் கேட்டிருக்க வேண்டும்.

பொன்மலைப்பட்டி:
பில்லே தரவில்லை என்கிறேன்.

மெயின்போர்டு:
அப்புறம் ஏன் வாங்கினான்?

பொன்மலைப்பட்டி:
விலை குறைவு, அதனால்தான். ரிச்சி தெருவில் எல்லோரும் பில்லோடுதான் விற்கிறார்களாக்கும்?

மெயின்போர்டு:
தெருவைப் பேசாதீர்கள். பூட்டிய போனைக் கொண்டுவந்து ‘பூட்டைத் தாண்டிப் போக பைபாஸ் போட்டுக் கொடு, கேட்டதைத் தருகிறேன்’ என்று கெஞ்சுபவர்களைத் திருப்பி அனுப்புகிறவன் நான். முன்பு அப்படிப்பட்டதைப் பார்ட்ஸுக்காவது உடைப்பார்கள். ஐஓஎஸ் 18இல் பேட்டரி, டிஸ்ப்ளே, கேமராவுக்கும் அதே பூட்டை நீட்டிவிட்டார்கள். வாங்குபவர் சோதிக்க 2017 ஜனவரி வரை ஆப்பிள் தளத்திலேயே ஒரு பக்கம் இருந்தது, ஐஎம்இஐ தட்டினால் பூட்டு இருக்கிறதா என்று சொல்லும். அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் கத்துகிறேன், ஹலோவோடு நிற்காதீர்கள் என்று.

அண்ணாநகர்_ஆப்பிள்:
கடைசியில் ஆப்பிள் மேலும் குற்றம். நான் இதுவரை வாங்கிய எல்லாப் பழைய ஐபோனும் ஹலோ பார்த்து வாங்கியவைதான், ஒன்றுகூடப் பூட்டவில்லை.

மெயின்போர்டு:
மச்சினரிடமும் ஆபீஸ் நண்பரிடமும் வாங்கியிருப்பீர்கள்.

அண்ணாநகர்_ஆப்பிள்:
யாரிடம் வாங்கினேன் என்பது உங்களுக்கு எதற்கு? நீங்கள் சிபாரிசு செய்த பவர்பேங்க் இரண்டே வாரத்தில் உப்பிப்போனதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீர்களா?

மெயின்போர்டு:
அதை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்தது யார்?

கோவை_குசும்பன்:
டேஷ்போர்டில் வைத்ததற்குப் போட்டோ இருக்கிறதுங்களா?

புதுசு_வாங்கி:
ஆண்ட்ராய்டு எது வாங்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

அண்ணாநகர்_ஆப்பிள்:
காரே அப்போது என்னிடம் இல்லை. ஸ்கூட்டர். பழைய பதிவைத் தோண்டி எடுத்துப் போடட்டுமா?

மெயின்போர்டு:
போடுங்கள். தேதியோடு போடுங்கள்.