மார்கழிக்குள்ள ஒட்டுப்போர்வை முடிக்கணும், வந்த பிளாக் எல்லாம் வேற வேற சைஸ். என்ன பண்ணலாம்?

நூல்கண்டு_கோவை

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கோயமுத்தூர்ல ஒரு சின்ன தையல் குரூப். முக்காவாசிப் பேரு பிளவுஸ், சுடிதார் தைக்கிறவங்க, குவில்ட்டிங் முறையா கத்துக்கிட்டது ரெண்டு மூணு பேருதான். ஆடி மாசம் பேச்சுவாக்குல ஆரம்பிச்சது இது, கோத்தகிரி பக்கம் இருக்குற ஒரு முதியோர் இல்லத்துக்கு குளிர் காலத்துக்கு நாமளே போர்வை தைச்சுக் குடுத்தா என்னன்னு ஒருத்தர் கேக்க, எல்லாரும் சரின்னு சொல்லி, ஆளுக்கு நாலஞ்சு பிளாக் (துண்டுத்துணி இணைச்ச சதுரம்) தைச்சு அனுப்புறது, நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்த்து இணைக்கிறதுன்னு முடிவாச்சு.

சிம்பிளான நைன் பேட்ச்தான். நாலரை இன்ச் சதுரம் ஒன்பது வெட்டி இணைச்சா பன்னண்டரை வரணும். இப்ப தீபாவளி முடிஞ்சு எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சுப் பாத்தா ஒண்ணு பதினொன்றரை, ஒண்ணு பன்னண்டு, ஒண்ணு பதிமூணத் தொடுது, கொஞ்சம்தான் சரியா பன்னண்டரை. மொத்தம் 60 பிளாக் கிட்ட இருக்கு. திருப்பி அனுப்பி பிரிச்சுத் தைங்கன்னு சொல்ல வாய் வரல, பாதிப் பேருக்கு இதுதான் முதல் குவில்ட் வேலை, ஒருத்தங்க அறுபத்தெட்டு வயசுல கால் மிஷின்ல உக்காந்து தைச்சு அனுப்பிருக்காங்க.

அப்புறம் உள்ள என்ன வைக்கிறதுன்னும் இன்னும் முடிவாகல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தங்க சிவப்பு சுங்குடில தைச்சு அனுப்பிருக்காங்க, பாக்க அவ்ளோ அழகு, ஆனா சாயம் போகுமோன்னு பயமா இருக்கு. இன்னொரு விஷயம், எங்க குரூப்ல ஒரு அக்கா வீட்டுக்காரர் தவறிட்டாரு, அவங்ககிட்ட வெட்டின துணி ஒரு பை நிறைய இருக்கு, அதை எப்படிக் கேக்குறதுன்னே தெரியாம எல்லாரும் சும்மா இருக்கோம். டிசம்பர் பாதிக்குள்ள குடுத்தாதான் பிரயோஜனம். அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கட்பீஸ்_திருப்பூர்

இது பிளவுஸ் தைக்கிற கை பண்ற வேலைதான் மா, வேற ஒண்ணும் இல்ல. நாம பிளவுஸுக்கு தையலுக்கு அரை இன்ச் விட்டே பழகினவங்க, குவில்ட்டுக்கு கால் இன்ச்தான். நைன் பேட்ச்ல ஒரு வரிசைல ரெண்டு தையல் வருதில்ல, ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கமும் கால் இன்ச் கூட முழுங்கிச்சுன்னா மொத்தம் ஒரு இன்ச் போயிடும். மூணு நாலரை சேந்தா பதிமூன்றரை, அதுல தையலுக்கு மொத்தமா ரெண்டு போனா பதினொன்றரை, கணக்கு சரியா வருது பாருங்க. பதிமூணு வந்தவங்க ரொம்ப ஒட்டித் தைச்சிருப்பாங்க, அந்த பிளாக்க மட்டும் திருப்பிப் பாத்து தையல் பிரியுற மாதிரி இருந்தா உள்ளயே இன்னொரு தையல் ஓட்டிடுங்க.

யாரையும் பிரிக்கச் சொல்லாதீங்க. பிரிச்சா துணி பிசிறு பிசிறா போயி அந்த பிளாக் மறுபடி உருப்படாது, முதல் தடவை தைக்கிறவங்க அதோட ஆளக் காணோம்னு ஆயிடும்.

என்ன பண்ணுவேன்னா, எல்லா பிளாக்குக்கும் ஒரே கலர் பிளெயின் துணில சுத்தி நாலு பக்கமும் பட்டி அடிப்பேன். பட்டி ஒண்ணே முக்கால் இன்ச் வெட்டிக்குங்க. தையல் போக பக்கத்துக்கு ஒண்ணேகால் கூடும், பதினொன்றரை பிளாக் அப்ப பதினாலு ஆகும், பன்னண்டரை பதினஞ்சு ஆகும், எல்லாத்தையும் நல்லா அயர்ன் பண்ணி, நடுவுல வச்சு பதிமூன்றரைக்கு வெட்டிடுங்க. சின்ன பிளாக்குக்கு பட்டி கொஞ்சம் அகலமா தெரியும், பெரிய பிளாக்குக்கு ஒல்லியா தெரியும், அவ்ளோதான். எல்லா பட்டியும் ஒரே கலரா இருக்குறதால யாரு கண்ணுக்கும் படாது. அடர் நீலமோ அரக்குக் கலரோ போடுங்க, வெள்ளை வேண்டவே வேண்டாம், முதியோர் இல்லத்துல காப்பி கஞ்சின்னு கொட்டும்.

இதுல ஒரு சூதானம் வேணும். பட்டிய பிளாக் மேல வச்சு தைச்சுக்கிட்டே போயி மிச்சத்த வெட்டுறேன்னு தைச்சா ஓரம் அலை அலையா நெளியும். பட்டிய முதல்ல அளந்து வெட்டி, ரெண்டு முனையிலயும் நடுவுலயும் குண்டூசி குத்தி அப்புறம் தைங்க.

ஸ்கார்பரோ_தையல்

வணக்கம் பிள்ளை. நான் கனடாவில இருக்கிறன், இஞ்ச குளிர் தொடங்க முதலே எங்கட குவில்ட் கில்ட்டில (குவில்ட் தைக்கிற ஆக்களின்ர சங்கம்) இதுதான் வேலை, ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் நவம்பர் எண்டா தானம் குடுக்கிற குவில்ட்டுக்கு எண்டே ஒரு நாள் ஒதுக்கி எல்லாரும் மெஷினத் தூக்கிக்கொண்டு வந்து ஒண்டா இருந்து தைப்பம். பிளாக் ஒரே சைஸில வந்ததா எனக்கு ஞாபகமே இல்லை, எல்லா இடத்திலயும் உந்தக் கதைதான்.

திருப்பூர்க்காரர் சொன்ன பட்டி நல்ல வேலை. அதோட இன்னொண்டும் செய்யலாம். 60 பிளாக்கையும் நெருக்கி அடுக்கினா நாலுக்கு அஞ்சு எண்டு மூண்டு குவில்ட்தான் வரும். ஒண்டு விட்டு ஒண்டு பிளெயின் சதுரம் வைச்சீங்கள் எண்டா, சதுரங்கப் பலகை மாதிரி, ஒரு குவில்ட்டுக்கு பத்து பிளாக் காணும். அப்ப ஆறு குவில்ட். பிளெயின் சதுரம் பதிமூன்றரைக்கு வெட்ட ஒன்றரை மீற்றர் துணி ஒரு குவில்ட்டுக்குப் போதும், 44 இஞ்சி அகலத்தில மூண்டு மூண்டா வெட்டலாம். முடிய 52க்கு 65 இஞ்சி வரும், கட்டில்ல படுக்கிறவைக்கு காணும்.

வீல்செயர்ல இருக்கிற ஆக்களுக்கு உது பெரிசு, சில்லுக்குள்ள போய்ச் சிக்கும். அவைக்கு மூண்டுக்கு மூண்டு எண்டு சின்னனா ஒண்டு கட்டுங்கோ. அங்க எத்தினை பேர் எப்பிடி இருக்கினம் எண்டு முதல்ல கேட்டுப்போட்டு செய்யுங்கோ.

முக்கியமான விசயம், மேல் துணி, உள்ள வைக்கிறது, கீழ்த் துணி எண்டு மூண்டு அடுக்கையும் சேர்த்து மெஷின்ல குவில்ட் பண்ண வெளிக்கிட்டா டிசம்பருக்கு முடியாது. வோக்கிங் ஃபுட் (மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒண்டா நகர்த்துற பாதம்) இல்லாத மெஷின்ல கீழ்த் துணி சுருங்கி நிக்கும், பிறகு அழவேணும். முடிச்சுப் போடுங்கோ. இஞ்ச மென்னோனைட் எண்ட கிறிஸ்தவ சபைப் பெண்கள் அகதிகளுக்கு அனுப்புற போர்வை முழுக்க அப்பிடி முடிச்சுப் போட்டதுதான். நாலு இஞ்சிக்கு ஒண்டா குரோஷே நூலை ரெட்டையா ஊசியில கோத்து, மேலால குத்தி கீழ போய் கால் இஞ்சி தள்ளி மேல வந்து, இறுக்கி ரெண்டு முடிச்சு, வாலை முக்கால் இஞ்சி விட்டு வெட்டுங்கோ. ஒரு பெரிய மேசையைச் சுத்தி ஆறு பேர் இருந்தா ஒரு குவில்ட் ஒரு பின்னேரத்தில முடியும், கதைச்சுக்கொண்டே செய்யலாம். தையல் தெரியாத ஆக்களையும் கூப்பிடுங்கோ, முடிச்சுப் போட எவருக்கும் ஏலும்.

பஞ்சுமெத்தை

உள்ள இலவம்பஞ்சு வைங்க, அதுதான் நம்ம ஊரு முறை, சூடும் தாங்கும், கனமே இருக்காது. தேனி போடி பக்கம் நேரா வாங்கலாம், கடைல விக்கிற பாலியஸ்டர் எல்லாம் வேர்வை இழுக்காது.

குன்னூர்_குளிர்

பஞ்சுமெத்தை சார் மன்னிக்கணும், தலகாணிக்கு இலவம்பஞ்சு ஓகே, துவைக்கிற போர்வைக்கு வேண்டாம். ஒரு துவையல்ல கட்டி கட்டியா ஒரு மூலைக்குப் போயிடும். அதுவும் கோத்தகிரி. ஊட்டிக்கு ஆனி ஆடில மழைன்னா கோத்தகிரி கிழக்குச் சரிவுல இருக்குறதால ஐப்பசி கார்த்திகைலதான் கொட்டும். மஞ்சு வேற இறங்கிடும், துணி காயுறதுக்கு வெயிலே இருக்காது. எங்க வீட்ல கனமான காட்டன் ரஜாய் ஒண்ணு இருக்கு, அதை டிசம்பர்ல துவைக்க மாட்டோம், நனைஞ்சா ரெண்டு ஆளு பிழியணும், நாலஞ்சு நாள் ஆனாலும் நடுவுல ஈரம் நிக்கும், அப்புறம் அந்த பூஞ்சை வாசம் போகவே போகாது. முதியோர் இல்லத்துல வாரா வாரம் துவைப்பாங்க. அதனால மெல்லிசான பாலியஸ்டர் வேடிங்தான் (உள்ள வைக்கிற பஞ்சு விரிப்பு) சரி, தண்ணி குடிக்காது, சீக்கிரம் காயும். அது கிடைக்கலன்னா ஃபிளீஸ் துணி (கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்குற பாலியஸ்டர் துணி) வைங்க, வேடிங், அடித்துணி ரெண்டு வேலையும் அதுவே பாத்துக்கும், மேல பிளாக் அடியில ஃபிளீஸ் அவ்ளோதான், தைக்கவும் ஈஸி.

கனமும் பாருங்க. ரொம்ப வயசானவங்களுக்கு கனமான போர்வைய ராத்திரி விலக்கிட்டு எந்திரிக்கவே முடியாது, பாத்ரூம் போகணும்னா தடுமாறுவாங்க. எங்க அம்மாவுக்கு நல்ல கம்பளி இருந்தும் மெல்லிசு ரெண்டா போர்த்திக்கத்தான் பிடிக்கும், வேணும்னா ஒண்ண எடுத்துடலாம்ல.

பட்டன், மணி, சமிக்கி எதுவும் வேண்டாம். மூலைல ஒரு வெள்ளை நாடா தைச்சு விடுங்க, இல்லத்துல பேரு எழுதிக்குவாங்க. இல்லாட்டி சலவைல மாறிப்போயி சண்டை வரும், நான் நேர்ல பாத்திருக்கேன்.

பஞ்சுமெத்தை

துவைக்கிற விஷயம் யோசிக்கல, சரிதான். ஆனா அடித்துணிக்கு பழைய காட்டன் புடவை போடுங்க, புதுசு வாங்கிச் செலவு பண்ணாதீங்க. அஞ்சரை மீட்டர் புடவைய குறுக்கால ரெண்டா வெட்டி நீளவாக்குல இணைச்சா ஒரு போர்வைக்கு தாராளம். மிச்சத்துல ஓரம் அடிக்கிற பட்டியும் வந்துடும். பல தடவை துவைச்ச புடவை இனிமே சுருங்காது, சாயமும் விடாது. வங்காளத்து கந்தா, மகாராஷ்டிரா கோதடி எல்லாம் பழந்துணிய அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதுதானே. பஞ்சே கிடையாது.

மல்லி_மதுரை

சுங்குடி நம்ம ஊரு சமாச்சாரம், அதனால சொல்றேன். சிவப்ப நம்பாதீங்க. அந்த பிளாக்க வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்புப்பொடி போட்டு, கூடவே ஒரு பழைய வெள்ளைக் கைக்குட்டையையும் போட்டு அரை மணி நேரம் வைங்க. கைக்குட்டை வெள்ளையாவே இருந்தா தைரியமா சேருங்க. லேசா ரோஸ் ஆச்சுன்னா இன்னும் ரெண்டு மூணு தடவை அலசி மறுபடி கைக்குட்டை போட்டுப் பாருங்க. அப்பவும் விட்டுச்சுன்னா போர்வைல வேண்டாம். கல்லுப்பு போடு, வினிகர் போடு, சாயம் நின்னுடும்னு சொல்லுவாங்க, எல்லாச் சாயத்துக்கும் அது நிக்காது, ஒரு பிளாக்க நம்பி பத்து பிளாக்க கெடுத்துக்காதீங்க. அந்த சுங்குடிய ஒரு சின்ன குஷன் கவரா தைச்சு, தைச்சவங்களுக்கே குடுத்துடுங்க, மனசு கோணாது.

அந்த அக்கா விஷயம். குரூப்ல மெசேஜ் போட்டுக் கேக்காதீங்க, எல்லாரும் பாக்குற இடத்துல அவங்களால முடியும்னும் சொல்ல முடியாது முடியாதுன்னும் சொல்ல முடியாது. ரெண்டு பேரு மட்டும் நேர்ல போங்க, பலகாரம் எதுவும் வேண்டாம், பழம் வாங்கிட்டுப் போங்க, உக்காருங்க. துணிப் பேச்ச அவங்க எடுக்கலன்னா கிளம்பும்போது "அந்தப் பைய நாங்க எடுத்துட்டுப் போகட்டுமாக்கா, உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க"ன்னு ஒரே வார்த்தை. இத்தன நாளா நீங்க எல்லாரும் சும்மா இருக்குறதுதான் அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும், பையப் பாக்கும்போதெல்லாம் கடன் மாதிரி உறுத்தும். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்படி ஆனப்போ மெஷின் சத்தமே வேண்டாம்னு இருந்தாங்க, ஆனா கைத்தையலா இருந்தா பண்றேன்னு அவங்களாவே கேட்டு வாங்கி டிவி முன்னாடி உக்காந்து புடவைக்கு ஃபால்ஸ் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. அதனால ஓரப் பட்டிய அடிப்பக்கம் கையால மடிச்சுத் தைக்கிற வேலைய அவங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைங்க. கேட்டா குடுங்க. கேக்கலன்னா நீங்க தைச்சுடுங்க.

நூல்கண்டு_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல. ராத்திரியே ஒரு பதினொன்றரை பிளாக்குக்கும் ஒரு பதிமூணு பிளாக்குக்கும் நீலப் பட்டி அடிச்சு வெட்டி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், எது சின்னதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா தப்பா காட்டுறாரு. ஆறு போர்வை, அடில ஃபிளீஸ், குவில்ட்டிங் கிடையாது முடிச்சுதான்னு குரூப்ல சொல்லியாச்சு. இல்லத்துக்கு போன் பண்ணிக் கேட்டதுல வீல்சேர்ல மூணு பேரு இருக்காங்களாம், அதனால நாலு பெருசு, மூணு சின்னதுன்னு மாத்திருக்கேன், பிளாக் கணக்கு பாத்தா மிச்சமும் வரும்.

அக்கா வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை நானும் இன்னொருத்தரும் போறோம்.

ஒரு டவுட் மட்டும். ஃபிளீஸ் அடில வச்சா ஓரம் எப்படி முடிக்கிறது? தனியா பட்டி அடிக்கணுமா, இல்ல தலகாணி உறை மாதிரி உள்பக்கமா தைச்சுத் திருப்பிடலாமா?

ஸ்கார்பரோ_தையல்

திருப்பலாம், நேரம் மிச்சம். ஆனா ஃபிளீஸ் இழுபடுற துணி, அதை மேல் துணியை விட ரெண்டு இஞ்சி பெரிசா வெட்டி, பின் நிறைய குத்தி, ஃபிளீஸ் கீழ்ப்பக்கம் இருக்க தையுங்கோ. ஒரு பக்கத்தில ஒரு பத்து இஞ்சி திறந்து விட்டுத் திருப்பி, அதைக் கையால மூடி, பிறகு சுத்தி ஓரத்தில இருந்து கால் இஞ்சி தள்ளி மேல்தையல் ஒண்டு ஓடுங்கோ. ஃபிளீஸ் மேல சூடான அயர்ன் வைச்சிடாதேங்கோ, உருகும். அந்த அக்காவுக்கு எண்டு எடுத்து வைக்கிறதுக்கு மட்டும் பட்டி அடியுங்கோ, கைத்தையல் வேணுமெல்லோ.

குன்னூர்_குளிர்

கோத்தகிரிக்கு எப்பப் போறீங்கன்னு சொல்லுங்க, மேட்டுப்பாளையம் ரோடு மழைல மண் சரிஞ்சு அடைச்சாலும் அடைப்பாங்க, கிளம்புற அன்னைக்குக் காலைல ஒரு தடவை கேட்டுக்குங்க. முடிச்சுப் போட ஆள் வேணும்னா நானும் என் தங்கச்சியும் கீழ வர்றோம்.