டிஜிட்டல் ரூபாய்க்கு வட்டியே இல்லை, அப்புறம் டெபாசிட் எப்படி ஓடும்?

ஆடுதுறை45:
நேற்று இந்த மன்றத்தின் குறுவை நெல் இழையில் வெண்ணாற்றங்கரை சார் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். ரிசர்வ் வங்கியே வெளியிட்டு நாம் போனில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் ரூபாய் பரவினால் வங்கியில் கிடக்கும் டெபாசிட் எல்லாம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விடுமாம், அப்புறம் டெல்டாவில் நகைக்கடன் கொடுக்கக்கூட வங்கியிடம் காசு இருக்காதாம், ஆய்வுகளே அப்படித்தான் சொல்கின்றனவாம். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2022 டிசம்பர் 1-ல் மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் என்று நாலு ஊரில் பொதுமக்களுக்குச் சோதனையாக ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்தே அதற்கு வட்டி கிடையாது. ஒரு பைசா கிடையாது. வட்டி வரும் டெபாசிட்டை உடைத்து, வட்டியே இல்லாத இடத்தில் யார் கொண்டுபோய் வைப்பார்கள்? 2025 மார்ச் முடிவில் நாடு முழுக்கப் புழக்கத்தில் இருந்ததே சுமார் 1,016 கோடிதான். இதற்கா வங்கி காலியாகும்?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, முப்பத்தோரு வருஷம் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். பயம் வந்த அன்றைக்கு எவரும் வட்டி கேட்பதில்லை. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானதே, வட்டிக்காகப் போட்டவர்கள் முதலையும் விட்டார்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் 50,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று அறிவித்தபோது நான் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. எங்களுடையது வேறு வங்கி, சம்பந்தமே இல்லை. மறுநாள் காலை ஒரு அம்மா முந்தானையில் முடிந்திருந்த டெபாசிட் ரசீதை அவிழ்த்து என் மேஜையில் வைத்து, கையால் நீவிவிட்டு, "வட்டி வேண்டாம், முதலை மட்டும் கொடுத்திடுங்க தம்பி" என்றார். அன்று வரிசை இருந்தது, படிவம் இருந்தது, சாயங்காலமானால் ஷட்டர் இறங்கியது. டிஜிட்டல் ரூபாய் எல்லோர் போனிலும் இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தபடியே எடுத்துவிடுவார்கள். ஆய்வுகள் பயப்படுவது அதைத்தான்.

ஆடுதுறை45:
ராத்திரி பதினோரு மணிக்கு ஜிபேயிலும்தான் அனுப்பலாம். யூபிஐ வந்தது 2016-ல், எந்த வங்கி அதனால் காலியானது? அந்த அம்மாவின் பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமா? சுற்றி வளைக்காதீர்கள். வட்டி உண்டா, இல்லையா?

மன்னைக்காரன்:
ஜிபேயும் இதுவும் ஒன்றில்லை அண்ணே. ஜிபேயில் அனுப்பினால் ஒரு வங்கிக் கணக்கில் கழிந்து இன்னொரு வங்கிக் கணக்கில் ஏறுகிறது, பணம் வங்கிகளுக்குள்ளேயே சுற்றுகிறது. டிஜிட்டல் ரூபாய் நோட்டு மாதிரி, ரிசர்வ் வங்கி நேராகப் பொறுப்பேற்கும் பணம். அதற்காகவே 2022 நிதிச் சட்டத்தில் நோட்டு என்பதன் வரையறையில் டிஜிட்டல் வடிவத்தையும் சேர்த்தார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோமா?

ஆடுதுறை45:
நோட்டு மாதிரியா? நோட்டுக்கு வட்டி உண்டா? நீயே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டாய். ஆய்வு ஆய்வு என்கிறாரே, நானும் சொல்கிறேன். டேவிட் அன்டோல்ஃபாட்டோ என்ற பொருளாதார அறிஞர் 2021-ல் எழுதிய கட்டுரையில், இப்படி ஒரு பணம் வந்தால் போட்டியில்லாமல் குறைந்த வட்டி கொடுத்துக்கொண்டிருக்கும் வங்கிகள் டெபாசிட் வட்டியை உயர்த்த வேண்டி வரும், அதனால் டெபாசிட் கூடலாம், கடன் குறைய வேண்டியதில்லை என்று காட்டியிருக்கிறார். போதுமா?

வெண்ணாற்றங்கரை:
போதாது. அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? அதில் வருவது வட்டி தரும் டிஜிட்டல் பணம். வட்டி இல்லை, இல்லை என்று மேலே மூன்று தடவை எழுதிவிட்டு, வட்டி உள்ள பணத்தின் ஆய்வைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறீர்கள். பயமே வேண்டாம் என்றால் ஐரோப்பிய மத்திய வங்கியில், டிஜிட்டல் யூரோ வந்தால் ஆளுக்கு 3,000 யூரோ வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எதற்கு வந்தது?

ஆடுதுறை45:
நம் ரூபாய்க்கு வட்டி இல்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இத்தோடு முடிந்தது. நைஜீரியாவில் 2021-ல் இதே மாதிரி டிஜிட்டல் பணம் கொண்டுவந்தார்களே, எந்த வாரத்தை எடுத்தாலும் போனில் உள்ள அந்தப் பணப்பைகளில் நூற்றுக்கு 98 ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்று சர்வதேச நாணய நிதியத்தின் அறிக்கையே எழுதியது. போன வருஷம் நெல் ஈரப்பத இழையிலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள் சார், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னீர்கள், மழைக்காலத்தில் தளர்த்துவார்கள் என்று நான் சொன்னதும் காணாமல் போனீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
காணாமல் போகவில்லை, பேத்திக்குக் காதுகுத்து. விதி 17 சதவீதம்தான், தளர்வு என்பது கேட்டு வாங்குவது. விதி எது, சலுகை எது என்று தெரியாதவரிடம் அப்போதும் பேச முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

மன்னைக்காரன்:
நெல்லை ஏன் இழுக்கிறீர்கள் ரெண்டு பேரும்?

குடமுருட்டி:
நெல்லை இழுத்தால் எனக்குப் பரவாயில்லை, எனக்கு அதுதான் பிழைப்பு. கோயில் நிலம் மூணு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறேன், சிட்டா என் பேரில் இல்லை, கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுதான். ஒடிசாவிலும் ஆந்திராவிலும் ஸ்டேட் வங்கி குத்தகைக்காரர்களுக்கு டிஜிட்டல் ரூபாயில் பயிர்க்கடன் கொடுத்துப் பார்த்ததாகப் படித்தேன். விதை, உரம் என்று குறித்த செலவுக்குத்தான் போகும்படி அந்தப் பணத்தை அமைக்கலாமாம். நிலத்தைப் பார்க்காமல் செலவைப் பார்த்துக் கடன் கொடுப்பார்கள் என்றால் எனக்கு நல்லதுதான். ஆனால் உரக்கடைக்குப் பாதி, ஆள் கூலிக்குப் பாதி ஆகும் எனக்கு. 2016 நவம்பரில் தண்ணீர் இல்லாமல் நட்டதே கொஞ்சம், அதில் களையெடுத்த எட்டுப் பெண்களுக்குக் கொடுக்கக் கையில் இருந்தது பழைய ஐநூறு மட்டும். வரப்பில் உட்கார்ந்து அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நாளைக்கு என் போனில் உரம் வாங்க மட்டும் போகிற பணம் இருந்தால் அவர்களுக்கு எதைக் கொடுப்பேன்?

வெண்ணாற்றங்கரை:
நல்ல கேள்வி தம்பி. ஆனால் அதற்கு முன், வங்கியில் டெபாசிட் இருந்தால்தான் உங்களுக்குக் கடனே.

ஆடுதுறை45:
டெபாசிட் எங்கேயும் போகாது. ஏன் போகாது? வட்டி இல்லை. குடமுருட்டி அண்ணே, கூலி விஷயத்தைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே கலந்தால் சார் நழுவிவிடுவார்.

குடமுருட்டி:
தனி இழை போன மாசமே போட்டேன். அதில் யாருமே எழுதவில்லை.

ஆடுதுறை45:
வெண்ணாற்றங்கரை சார், இன்னும் பதில் வரவில்லை. வட்டி இல்லாத பணத்துக்கு டெபாசிட்டை யார் உடைப்பார்கள்?

வெண்ணாற்றங்கரை:
அந்த அம்மா உடைத்தார். மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள்.