ஊட்டி கிளப் கட்டடம்: முதலில் அது ஓட்டல் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கேத்திக்காரன்:
ஊட்டி கிளப் என்றாலே எல்லோரும் ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டத்தின் கதைக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த வெள்ளைத் தூண் கட்டடம் கிளப்புக்காகக் கட்டியதே இல்லை. 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் தங்கும் விடுதியாகக் கட்டினார். ஹைதராபாத் நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்து வட்டி பார்த்த பால்மர் கம்பெனியில் அவர் பங்காளி. கிளப் வந்தது 1841இல்தான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822. பத்து வருஷத்துக்குள் இந்த மலையில் பணம் போட்டு விடுதி நடத்தலாம் என்று ஒரு ஆள் துணிந்திருக்கிறார் பாருங்கள். நம் சுற்றுலாத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அங்கே. சீசனில் வரும் கூட்டத்துக்கு வழிகாட்டிகள் இதைச் சொல்ல வேண்டும், வாசலருகே ஒரு பலகையும் வேண்டும் என்பது என் கட்சி.

மலைப்பாதை:
சுற்றுலாவா? அண்ணே, அப்போது இங்கே வந்தவர்கள் சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் படுத்து, உடம்பு தேற்ற வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள். ரயில் குன்னூருக்கு வந்ததே 1899, ஊட்டிக்கு 1908. அதற்கு முன் பெரிய துரைகள் சொந்தக் காலில் ஏறி வரவில்லை. 1834இல் கவர்னர் ஜெனரல் சபையின் சட்ட உறுப்பினராக வந்த மெக்காலே சென்னையில் இறங்கி பெங்களூர், மைசூர் வழியாக வந்தார். ஏறக்குறைய 400 மைல், மனிதர் தோளில். தூக்கி வந்தவர்களுக்கு ரம்போல்ட் விடுதியில் அறை கொடுத்தார்களா? இதில் ‘நம்’ எங்கே வந்தது?

சட்டக்கட்டு:
மெக்காலே பேச்சு வந்ததால் ஒன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஊட்டியில் உட்கார்ந்து எழுதினார் என்று வேன் டிரைவர் வரை அடித்துவிடுகிறார்கள். அவர் இங்கே இருந்தது அந்த வருஷ மழைக்காலத்தில் சில மாதம், கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க வந்த இடத்தில். அப்புறம் கல்கத்தா போய்விட்டார். வரைவு தயாரானது 1837இல். சட்டமானது 1860இல், மெக்காலே செத்த பிறகு. பலகை வைத்தால் இந்தக் கதையும் அதில் ஏறிவிடும், அதுதான் என் பயம்.

கேத்திக்காரன்:
தண்டனைச் சட்டத்தை நான் இழுக்கவே இல்லை. ஆனால் பெண்டிங் அப்போது தங்கியது ரம்போல்ட் கட்டடத்தில். நாட்டை ஆண்டவரே வந்து தங்கும் தரத்தில் ஒரு விடுதி, ரயிலுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால். தம்பி மலைப்பாதைக்கு இது பெரிதாகத் தெரியவில்லையா?

குன்னூர்க்காரி:
ஸ்னூக்கரை ஏன் இப்படி ஓரங்கட்டுகிறீர்கள்? உலகம் முழுக்க ஆடுகிறார்கள், நம் ஊர்ப் பெயர் அதனால்தான் தெரிகிறது.

மலைப்பாதை:
அக்கா, ஆட்டம் பிறந்தது 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில். அதை உருவாக்கியதாகச் சொன்ன நெவில் சேம்பர்லின் ஒரு படை அதிகாரி, பிரதமரானவர் வேறு ஆள். ஊட்டியில் நடந்தது 1880களில் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டியது, அவ்வளவே.

குன்னூர்க்காரி:
அவ்வளவேவா? விதி எழுதாத ஆட்டம் திண்ணைத் தாயம் மாதிரி, வீட்டுக்கு வீடு மாறும். எழுதி ஒட்டிய இடத்துக்குத்தான் மதிப்பு. ஆனால் ஒன்று, அதே கிளப் சுவரில் வரிசையாகக் குள்ளநரித் தலைகள். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி, நாய்களை ஏவித் துரத்திக் கொன்றவை. பலகையில் அதையும் எழுதுவீர்களா கேத்திக்காரரே?

கேத்திக்காரன்:
எழுதலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. இப்போது அது உறுப்பினர்களுக்கான இடம், நாம் நினைத்தால் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான் வெளியே பலகை கேட்கிறேன். கோத்தகிரி கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவைப் புதுப்பித்துப் பார்க்க விடவில்லையா? கல் பங்களா அரசுக் கலைக் கல்லூரியில் இல்லையா? ரம்போல்ட் மட்டும் என்ன பாவம் செய்தார்?

மலைப்பாதை:
சல்லிவனையே எடுத்துக்கொள்வோம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு முதல் பாதை போட்டார் என்கிறோம். பாறையை உடைத்தவர்கள் கைதிகள். அவர்களுக்குப் பலகை எங்கே? ஒரு பலகைக்குத்தான் பணம் என்றால் நான் அதை அங்கே நடச் சொல்வேன்.

கேத்திக்காரன்:
முதலில் கட்டடம். கண்ணெதிரே நிற்கிறது, ஆளும் வந்து பார்க்கிறார்கள். பாதையை அப்புறம் பார்க்கலாம்.

மலைப்பாதை:
பாதை அப்புறமா? அப்படியானால் அந்தத் தூண்களுக்குச் சுண்ணாம்பு எந்த வழியாக ஏறியது அண்ணே?